கலக்குபவர், காத்திருப்பவர், பறிப்பவர்: பழவேற்காடு முதல் கூந்தன்குளம் வரை

பிப்ரவரி 7, பழவேற்காடு ஏரி, சூலூர்ப்பேட்டைப் பக்கம்

ஒரு பறவை இரை தேடும்போது பக்கத்தில் வேறு யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கப் போன பயணத்தின் குறிப்பு இது. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. காலையில் சாலையின் வடபக்கத் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். இந்த மாதம் சூரியன் தென்கிழக்கில் எழுகிறது, வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து விழும். தெற்கே திரும்பினால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல். ஒன்பதரைக்கு மேல் இரண்டு பக்கமும் வீண்தான். கானல் எழும்பி, தொலைநோக்கியை அறுபது மடங்குக்கு ஏற்றினால் பூநாரையின் கால் நெளியத் தொடங்கிவிடும். முக்காலி சேற்றில் இறங்காமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தேங்காய் மட்டை வைத்தால் போதும்.

வண்டியை நிறுத்திப் படமெடுப்பவர்கள் எல்லாரும் பூநாரையை மட்டும் எடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அதன் காலடியில் ஒரு பந்தி நடக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் வைக்கும். நாக்கு வினாடிக்கு நான்கைந்து முறை முன்னும் பின்னும் போய்வந்து நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்துச் சல்லடையில் தங்குவதுதான் உணவு. சேறு இளகலாக இருந்தால் அலகை அச்சாக வைத்துக்கொண்டு தன்னையே சுற்றிச் சுற்றி மிதிக்கிறது. தண்ணீர் வற்றிய இடங்களில் இந்த மிதி வட்டங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். நடுவில் ஒரு மேடு, சுற்றிலும் ஓர் அகழி.

மிதிக்கும்போது சேற்றுக்குள் கிடக்கும் புழு, கூனிப்பொடி, விதை எல்லாம் மேலே வருகின்றன. சல்லடைக்கு ஒத்த அளவுள்ளதைப் பூநாரை எடுத்துக்கொள்கிறது. சற்றுப் பெரியது, வேகமாக ஓடுவது தப்பிக்கிறது. அதைப் பவளக்கால் உள்ளான் ஊசி மூக்கால் கண்பார்த்துக் கொத்துகிறது. கொசு உள்ளானுக்கு அந்த ஆழம் எட்டாது. பூநாரைகள் மிதித்துவிட்டுப் போன, இரண்டு மூன்று செ.மீ. நீர் மட்டும் நிற்கும் வட்டங்களில்தான் அது இறங்குகிறது.

ஆனால் பக்கத்தில் நிற்பதெல்லாம் உறவு ஆகிவிடாது. இரை நிறைந்த இடத்துக்கு எல்லாரும் தனித்தனியாகவும் வந்திருக்கலாம். முதலில் நகர்வது யார் என்று பாருங்கள். பூநாரை பத்தடி நகர்ந்ததும் உள்ளானும் சில வினாடிக்குள் பின்னாலேயே போனால் அது தொடர்கிறது என்று எழுதலாம். போகாமல் அங்கேயே கொத்திக்கொண்டிருந்தால் அது வெறும் அண்டைவீடு. சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. தொடரும் உள்ளான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் எத்தனை கொத்து, எத்தனை விழுங்கல் என்று எண்ண வேண்டும். பிறகு அதே ஆழத்தில், பூநாரை இல்லாமல் தனியாக மேயும் உள்ளானுக்கும் அதே கணக்கு. இந்த இரண்டாவது கணக்கை எடுக்காமல் போனால் முதலாவதற்கு மதிப்பே இல்லை. பெரும்பாலோர் விடுவதும் அதைத்தான்.

சாலையோர டீக்கடைக்காரர் கேட்காமலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். டீ 15 ரூபாய், நாற்காலிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். மதியம் சூலூர்ப்பேட்டையில் ஆந்திரச் சாப்பாடு 120. கோங்குராவும் பருப்புப் பொடியும் நெய்யும் கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் பறவை ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 8, பழவேற்காடு ஊர்ப்பக்கம்

இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி, அதன் கயிறு பல்லில். அவர்கள் கரையோர ஆழமில்லாத் தண்ணீருக்கு வந்ததும் இரண்டு சின்ன வெள்ளைக் கொக்குகள் பின்னால் சேர்ந்துகொண்டன. கை தடவிய இடத்திலிருந்து தெறித்தோடும் பொடி இறால் கொக்குக்கு. மனிதரும் இங்கே ஒரு பூநாரைதான். "அது கெடக்குது விடுங்க, தெனம் வர்றதுதான்" என்றார் ஒரு அம்மா, பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

கடற்கரைக் கடையில் இறால் வறுவல் ஒரு தட்டு 180. நண்டு விலை கேட்டதோடு சரி.

பிப்ரவரி 9, வேடந்தாங்கல், கரிக்கிலி

வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவை சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பது கல்யாண மண்டபத்துக்குப் போய் அடுப்பங்கரையைத் தேடாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருப்பது போல. சுமார் 30 ஹெக்டேர் ஏரி. அதில் நீர்க்கடம்பு மரங்களும் அவற்றின்மேல் கூடுகளும். சாப்பாடு வெளியே, சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும். பறவைகள் தின்றுவிட்டு வந்து இங்கே எச்சமிடுவதால் ஏரித் தண்ணீர் உரத்தண்ணீராகி வயலுக்குப் பாய்கிறது. அதனால்தான் ஊர்க்காரர்கள் 1798லேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய்ப் பறவைகளைச் சுடக்கூடாதென்று எழுதி வாங்கினார்கள். அந்த எச்சமும் ஓர் உணவு உறவுதான், நடுவில் நெல் வருகிறது, அவ்வளவே.

பறவை பார்க்கும் கோபுரத்தில் அரைமணி நேரம் போதும். பிறகு நவரை நடவுக்குச் சேறடிக்கும் வயல் எங்கே என்று விசாரித்துப் போனோம். டிராக்டருக்கு இரும்புச் சக்கரம் மாட்டியிருந்தார்கள். பின்னால் வரும் பறவைகளுக்கு ஒரு வரிசை உண்டு, அது தற்செயல் அல்ல. சக்கரத்துக்கு ஓரிரு அடி தள்ளி உண்ணிக்கொக்குகள். தவளை, வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி, கண்ணில் பட்டதெல்லாம். அவற்றுக்குப் பின்னால், தண்ணீர் நின்ற பள்ளங்களில் சின்ன வெள்ளைக் கொக்கு. வண்டி திரும்பிப் போய்ச் சந்தடி அடங்கிய பிறகு வெள்ளை அரிவாள் மூக்கன்கள் வந்து, புரண்ட சேற்றில் வளைந்த மூக்கைச் செருகிச் செருகித் துழாவுகின்றன. இவை கண்ணை நம்புவதில்லை, மூக்கின் நுனியை நம்புகின்றன. ஆகவே அவசரமும் இல்லை. வரப்பில் மடையான் எனும் குளத்துக்கொக்கு. அது யாரையும் தொடராது. தன் இடத்தைத் தேடி வருவதை மட்டும் எடுக்கும்.

உண்ணிக்கொக்கைப் பற்றி நன்றாகவே அளந்திருக்கிறார்கள். மாட்டின் அருகே மேயும்போது தனியாக மேய்வதைவிட 3.6 மடங்கு அதிகம் இரை பிடிக்கிறது. நிமிடத்துக்கு 5 முதல் 15 அடி எடுத்துவைக்கும் மாட்டைத்தான் அது தேர்ந்தெடுக்கும். அதைவிட மெதுவானால் பூச்சி கிளம்பாது, வேகமானால் கொக்குக்கு ஓட்டமே மிச்சம். டிராக்டருக்குப் பின்னால் பிடிப்பது ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் நடை கூடிவிடுகிறது. வண்டி ஓட்டிய தம்பி வேகத்தைக் குறைத்து, "அண்ணே, கிட்ட வாங்க. அதுங்க வண்டிக்குப் பயப்படாது, உங்களுக்குத்தான் பயப்படுது" என்றார். அது சரிதான். வயலுக்குள் ஆள் இறங்கினால் வரிசை கலைந்து, மறுபடி அமைய கால்மணி நேரமாவது ஆகிறது. வரப்பிலேயே குந்தியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பக்கத்தில் வற்றிவரும் ஓர் ஏரியில் மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டி வாயனும். இங்கே உள்ள ஏற்பாடு இன்னும் நுட்பமானது. மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீரில் வைத்துக்கொண்டு, ஒரு காலால் கிளறியபடி நடக்கும். சில சமயம் ஒரு பக்கச் சிறகைச் சட்டென்று விரிக்கும். மிரண்ட மீன் அலகுக்குள் பட்டால் மூடிக்கொள்ளும். இதன் அமெரிக்க உறவினரான மர நாரையிடம் அளந்தபோது அலகு மூட ஆன நேரம் 25 மில்லி வினாடி. கரண்டி வாயன் அலகை இடமும் வலமும் வீசிக்கொண்டே போகும். இரண்டுக்கும் தொட்டால்தான் மீன். தொடாமல் தப்பிய மீன் எங்கே போனது என்று அவற்றுக்குத் தெரியாது. பின்னால் வரும் வெள்ளைக் கொக்குக்குத் தெரியும், அது கண்ணால் வேட்டையாடுவது. அதனால் கொக்கு எடுக்கும் மீன் நாரையின் கணக்கில் நஷ்டமாக விழுவதில்லை. தொடுபவரும் பார்ப்பவரும் சேர்ந்தால் சண்டை குறைவு. பார்ப்பவர் இருவர் சேர்ந்தால், உதாரணமாகச் சாம்பல் நாரையும் பெரிய கொக்கும், ஒன்றை ஒன்று விரட்டாமல் பத்து நிமிடம் நகராது. கொக்குகள் ஏழெட்டாகி நாரையின் முன்னால் போய் நிற்கத் தொடங்கினால் கதை மாறும். மீன் முன்பே மிரண்டுவிடும், நாரை வேறு பக்கம் நடந்துவிடும். இதை நட்பு, ஒத்துழைப்பு என்றெல்லாம் எழுதுகிறவர்கள் அந்த நேரம் வரை காத்திருந்து பார்ப்பதில்லை.

நத்தை குத்தி நாரைக்குப் பின்னால் கொக்கு நடப்பது அரிது. அதன் இரை ஆப்பிள் நத்தை, கலக்கினாலும் ஓடாது. கீழலகின் முனை சற்று வலப்புறம் திரும்பியிருக்கும். ஓட்டின் சுழலுக்குள் விட்டு, சதையைப் பிடித்திருக்கும் தசையை அறுத்துவிட்டு வெளியே இழுக்கும். அலகின் நடுவில் தெரியும் இடைவெளி வளர்ந்த பறவைக்குத்தான், குஞ்சுக்கு இருக்காது. வேலை பெரும்பாலும் நீருக்கடியில் முடிந்துவிடுவதால் பறிக்கவும் வழி குறைவு. வரப்பில் கிடந்த உடையாத காலி ஓடுகள்தான் அது வந்துபோன அடையாளம்.

மாலை கரிக்கிலி. ஆழம் கூடிய தண்ணீர், வாத்துக் காலம். தட்டைவாயன்கள் வட்டமாக ஒன்றின் பின் ஒன்றாகச் சுற்றுகின்றன. முன்னால் போகும் வாத்தின் கால் கிளப்பியதைப் பின்னால் வருவது வடிகட்டுகிறது. அலகின் ஓரத்தில் சுமார் 110 மெல்லிய சீப்புப் பற்கள். வட்டத்தின் விளிம்பில் ஒரு முக்குளிப்பான், மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு வாத்துகளின் அடியிலேயே மறுபடி முங்கியது. சீப்பில் சிக்காத பெரிய பூச்சி அதற்கு.

இட்லி, வடகறி 40 ரூபாய். கடைக்கார அம்மா பார்சலை மூன்று தாளில் சுற்றிக் கொடுத்தும் குழம்பு பைக்குள் ஒழுகி, குறிப்பேட்டின் ஓரம் மஞ்சளாகிவிட்டது. பென்சிலில் எழுதியிருந்ததால் எழுத்து பிழைத்தது. நீர்நிலைக்குப் போகும்போது பேனா வேண்டாம்.

பிப்ரவரி 10, திருத்துறைப்பூண்டி வழி

நாள் முழுக்க வண்டி. சாயங்காலம் சம்பா அறுவடை நடந்த ஒரு வயலில் மட்டும் நின்றோம். பெல்ட் அறுவடை வண்டிக்கு மணிக்கு 2,600 ரூபாய் என்றார் வயல்காரர். தரையில் உண்ணிக்கொக்கு, தலைக்குமேல் மீசை ஆலா என்ற நீர்ப்பறவை. வண்டி கிளப்பிய பூச்சியில் பறப்பது ஆலாவுக்கு, குதிப்பது கொக்குக்கு. உயரம் வேறு, ஆகவே மோதலே இல்லை. வயல்காரர் மோர் கொடுத்தார். "கொக்க எண்ணி என்னங்க பண்ணப்போறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தானும் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

பிப்ரவரி 11, 12, கோடியக்கரை

ராத்திரி பருவம் தப்பிய மழை. உப்பளப் பாதை களியாகி, வண்டியின் பின்சக்கரம் அச்சுவரை புதைந்தது. உப்பளத் தொழிலாளர்கள் நாலு பேர் பலகை கொண்டுவந்து போட்டுத் தள்ளிவிட்டார்கள். பணம் நீட்டியபோது, "டீ வாங்கிக் குடுங்க போதும்" என்றார்கள். இந்தப் பாதையில் மழைக்கு மறுநாள் நடந்துதான் போக வேண்டும்.

வேதாரண்யம் சதுப்பும் உப்பளமும் சேர்ந்த இந்தப் பகுதியில் யார் யாருடன் சாப்பிடுகிறார்கள் என்பதை உப்புதான் தீர்மானிக்கிறது. கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரியில் முதல் தேக்கத்துக்குள் வரும். டிகிரி என்பது இங்கே வெப்பம் அல்ல, நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் போமே மானியின் அளவு, எல்லாத் தொழிலாளருக்கும் பாடம். பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் சுண்டி, 25 டிகிரி வாக்கில் உப்புப் பூக்கும். முதல் தேக்கங்களில் மீன் இருக்கிறது. பத்து டிகிரியைத் தாண்டினால் மீன் அனேகமாக இல்லை, தின்ன மீனில்லாததால் உப்பு இறால் பெருகுகிறது. அதற்கும் மேலே ஒன்றுமில்லை. ஆகவே நடுப்பாத்திகளில் பழவேற்காட்டில் கண்ட காட்சிதான், பூநாரையும் சின்ன உள்ளான்களும், அமைதியாக. முதல் பாத்திகளிலும் கடலோரத்திலும் மீன் இருப்பதால் அங்கே கொள்ளை நடக்கிறது.

கொள்ளைக்கு ஒரு விதி உண்டு. இரை வாயில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. மீசை ஆலா நீர்மேலிருந்து பொடியை எடுத்துப் பறந்தபடியே விழுங்கிவிடும், அதைத் துரத்தி யாருக்கும் லாபமில்லை. கேஸ்பியன் ஆலா பெரிய மீனைக் குறுக்காக அலகில் கவ்விக்கொண்டு தூரம் பறக்கிறது. பழுப்புத்தலைக் கடற்காகம் அதைத்தான் குறிவைக்கிறது. துரத்துவது மீனை அலகிலிருந்து பிடுங்க அல்ல, சோர்ந்து கீழே போடவைக்க. நண்டு பிடிக்கும் கோட்டானின் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த மூக்குள்ள கரைப்பறவை) நிலைமை இன்னும் மோசம். நண்டை உதறி உதறிக் கால்களைக் கழற்றினால்தான் அதற்கு விழுங்க முடியும். அந்த உதறல் தூரத்திலிருந்தே தெரிகிறது, கடற்காகம் நடந்தே வந்துவிடுகிறது. உதிர்ந்த நண்டுக்கால்களைப் பின்னால் வரும் சின்ன உள்ளான்கள் புரட்டிப் பார்ப்பதையும் கண்டோம். வலை இழுக்கும் இடத்தில் செம்பருந்து. அது மனிதனிடமும் எடுக்கும், கொக்கிடமும் எடுக்கும், வித்தியாசம் பாராட்டுவதில்லை.

இதைக் குறிக்கும்போது நடக்கும் தவறு, ஜெயித்த கொள்ளையை மட்டும் எழுதுவது. தோற்ற முயற்சி மூன்று நான்கு வினாடியில் முடிந்துவிடும், கண்ணில் நிற்காது. அதனால் பறிப்பவரைப் பார்க்காமல் பறிகொடுப்பவரைப் பார்க்க வேண்டும். ஓர் ஆலா மீன் எடுத்த கணத்திலிருந்து அது விழுங்கும்வரை கண்ணை எடுக்கக்கூடாது. மீனின் நீளத்தை அலகின் நீளத்தோடு ஒப்பிட்டு அரை அலகு, ஒரு அலகு, ஒன்றரை என்று எழுதினால் போதும், செ.மீ. ஊகம் வேண்டாம். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். தானே பார்த்துத் தானே எழுதுபவர் குனிகிற நேரத்தில்தான் கடற்காகம் வரும்.

கரைக்கொக்கு இரண்டு உருவத்தில் வரும், ஒன்று சாம்பல், ஒன்று வெள்ளை. வெள்ளையைச் சின்ன வெள்ளைக் கொக்கு என்று எழுதிவிடும் அபாயம் இங்கே அதிகம். அலகின் நிறத்தையும் பருமனையும் பார்க்காமல் குறிப்பில் ஏற்றக்கூடாது, அப்புறம் யார் யாரைத் தொடர்ந்தார் என்ற கணக்கே கெட்டுவிடும்.

வேதாரண்யத்தில் மீன் குழம்புச் சாப்பாடு 130. குழம்பில் புளி தூக்கல், அதுதான் சரி. காட்டுப் பாதையில் இட்லிப் பொட்டலத்தைக் குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பிப்ரவரி 14, கூந்தன்குளம்

நெல்லையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. இங்கே கூடுகள் ஏரியில் மட்டுமல்ல, ஊருக்குள்ளும், தெருவேப்ப மரத்திலும் வீட்டுக்கொல்லைப் புளியிலும். மரத்தடியில் வண்டியை நிறுத்தக்கூடாது என்பதைக் கண்ணாடி முழுக்க வெள்ளையடித்து உணர்த்திவிட்டன.

வேடந்தாங்கலில் கூட்டிலிருந்து தவறும் மீன் தண்ணீரில் விழுந்து மறைந்துவிடும். இங்கே தெருவில் விழுகிறது. அதனால் யாருடைய மீன், யார் வாயில் என்பது தெளிவாகத் தெரிகிறது. மஞ்சள் மூக்கு நாரை குஞ்சுக்கு ஊட்டும்போது மீனைக் கூட்டின் தரையில் கக்கிவைக்கும், குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். சண்டையில் விளிம்பைத் தாண்டி மீன் உருண்டுவிடுகிறது. கூழைக்கடாவின் வளர்ந்த குஞ்சோ தலையையே தாயின் தொண்டைக்குள் விட்டுச் சாப்பிடுவதால் சிந்துவது குறைவு. காக்கைகள் இதைத் தெரிந்துவைத்திருக்கின்றன. நாரைக்கூட்டின் கீழேதான் உட்காருகின்றன. இருட்டினால் காக்கை போய் இராக்கொக்கான வக்கா வருகிறது. வக்கா விழுந்த மீனோடு நிற்பதில்லை, காவல் இல்லாத கூட்டில் சிறு குஞ்சு கிடைத்தாலும் எடுக்கும். மனிதர் கூட்டருகே போய்ப் பெரியவை எழும்பினால் காக்கைக்கும் வக்காவுக்கும் கதவைத் திறந்துவிட்டது போலாகும். பார்க்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி, "மீனு விழுந்தா எடுத்துத் தூரப் போட்டுருவோம் தம்பி, இல்லன்னா நாத்தம் கொடலப் புடுங்கிரும். குஞ்சு விழுந்தா மட்டும் பாரஸ்ட்டு ஆபீசுல கொண்டு குடுத்துருவோம். தீவாளிக்கும் இங்க வெடி கெடயாது பாத்துக்கிடுங்க" என்றார். சொம்பில் தண்ணீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தார்.

ஏரியில் பார்க்க வேண்டியது நாமக்கோழியும் நாமத்தலை வாத்தும். நாமக்கோழி முங்கி அடியிலிருந்து பாசிக்கொடியைப் பிடுங்கி வரும். வாத்துக்கு முங்கத் தெரியாது, கழுத்தும் குட்டை. அதனால் கோழி மேலே வரும் இடத்தில் காத்திருந்து, உதிர்ந்து மிதக்கும் துண்டுகளை எடுக்கிறது. இதுவரை நஷ்டம் யாருக்கும் இல்லை. சில வாத்துகள் அலகிலிருந்தே இழுக்கின்றன. அப்போதும் நாமக்கோழி பெரும்பாலும் சண்டைக்குப் போவதில்லை, மறுபடி முங்குகிறது. பாசி அடியில் எக்கச்சக்கம், சண்டைக்கு ஆகும் செலவு ஒரு முங்கலைவிட அதிகம். அதே நாமக்கோழி இன்னொரு நாமக்கோழி வந்தால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்கிறது. ஊசிவால் வாத்து இந்த வம்புக்கே வருவதில்லை, கவிழ்ந்து நீளக் கழுத்தை விட்டால் தரை எட்டிவிடும். கரையோர ஆழமில்லாத நீரில் நாமத்தலை வாத்தும் யாரையும் தொடராமல் புல் மேய்கிறது. ஆழம் கூடக் கூடத்தான் நாமக்கோழியின் பின்னால் ஆள் சேருகிறது.

ஆகவே இதைப் பார்க்க ஏரி நிறைந்திருக்கும்போது போக வேண்டும், வாத்துகள் வடக்கே கிளம்புவதற்கு முன், மார்ச் தொடக்கத்துக்குள். கரையில் நின்றால் எட்டாது, மதகுப் பக்கம் ஆழமான நீரைப் பார்த்தபடி உட்காரவும். கூட்டடி மீன் பார்க்க விரும்பினால் குஞ்சுகள் வளர்ந்திருக்கும் ஏப்ரல் நல்லது. குடையோடு போங்கள், வெயிலுக்கு மட்டுமல்ல.